புயல் சுழலும் பழனி மலை மழையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் வானொலியில் "மேலடுக்குச் சுழற்சி", "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்ற சொற்கள் நாள்தோறும் அடிபடுகின்றன. பழனி மலை விவசாயிகளில் பலர் இவற்றைக் கடற்கரைக்காரர் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறார்கள். இது சரியல்ல. கீழ்மலைக் காப்பிக்கும் மலை வாழைக்கும், மேல்மலைப் பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு இந்தச் சுழல்கள் கொண்டுவருவதே.

காற்றழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி நாற்புறமிருந்தும் காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வர முடிவதில்லை. நம் பகுதியில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிச் சுற்றி உள்ளே நுழைகிறது. நுழைந்த காற்றுக்குக் கீழே இடமில்லை, மேலே எழுகிறது. எழ எழக் குளிர்கிறது. வத்தலக்குண்டில் வேர்த்து நின்றவர் கோடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கம்பளியைத் தேடுவது போலத்தான். குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது. அது மேகமாகி மழையாக இறங்குகிறது. ஈரக்காற்றின் குறுக்கே ஒரு மலையும் நின்றுவிட்டால் காற்று இன்னும் வேகமாக ஏறும், மழையும் கூடும்.

வானொலியில் இச்சுழற்சி கடல் மட்டத்துக்கு மேல் 1.5 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாகச் சொல்வதுண்டு. கோடைக்கானல் இருப்பதோ 2 கிலோமீட்டருக்கும் மேலே! நகரத்தாருக்கு அது மேலடுக்கு. மேல்மலை விவசாயிக்குக் காலுக்குக் கீழே உள்ள அடுக்கு.

சுழலின் பலத்தைவிட அதன் மையம் எங்கே நிற்கிறது என்பதே நமக்கு முக்கியம். மையம் வடகிழக்கே, சென்னைக்கு அப்பால் கடலில் இருந்தால் பழனி மலைக்கு வடமேற்கிலிருந்து காற்று வரும். அது தாராபுரம் பக்கத்து வறண்ட நிலத்தைக் கடந்து வருவதால் ஈரம் குறைவு. மையம் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் இருந்தால் கடல் ஈரத்தோடு கீழைக்காற்று வந்து தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைச் சரிவுகளில் மோதும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயல் வடக்கே ஆந்திராவுக்குப் போய்விட்டது. அதே மாதம் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பக்கம் இருந்தது பெயர்கூட வைக்கப்படாத மேலடுக்குச் சுழற்சி. அது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழையைக் கொட்டியது.

மையம் இருக்கும் திசையை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஹாலந்து விஞ்ஞானி பைஸ் பாலட் 1857-ல் வெளியிட்ட விதி இது: காற்று முதுகில் படும்படி நின்றால் சுழலின் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். மலையில் பள்ளத்தாக்குக் காற்று திசை மாறி ஏமாற்றும். ஆகையால் காற்றை நம்பாமல் மேகம் ஓடும் திசையைப் பார்ப்பதே நல்லது. கிழக்கிலிருந்து தாழ்ந்த மேகம் விடாமல் ஓடி வந்தால் பறித்த காப்பிப் பழத்தைக் களத்தில் பரப்பக்கூடாது. மருந்து தெளிப்பதையும் ஒத்திப்போடலாம். தெளித்தாலும் மழையில் கழுவிக்கொண்டு போகும்.

"புயல் வலுவிழந்தது" என்ற செய்தியைக் கேட்டுத்தான் பலர் மோசம் போகிறார்கள். வலுவிழப்பது காற்றின் வேகம். சுழல் சுமந்துவரும் ஈரம் உடனே தீர்ந்துவிடுவதில்லை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்தபின், வலு குறைந்து திண்டுக்கல் வழியாக மேற்கே வந்தது. கோடைக்கானல் மலையில் பெருமழை கொட்டி மண் சரிந்தது. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. மரங்கள் விழுந்து மலைப்பாதையில் போக்குவரத்து நின்றது. 1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினம் அருகே கரையேறிய புயலும் இப்படித்தான் உள்நாட்டைக் கடந்து மேற்கே போயிற்று. கீழ்ப்பழனி மலையில் பிறக்கும் கொடகனாற்றின் வெள்ளம் வேடசந்தூர்ப் பக்கத்து அணைக்கு மேலே வழிந்து கரையை உடைத்ததும் அதே 1977-ல்தான்.

ஆகவே நாகைப் பக்கம் புயல் கரையேறும் என்று அறிவிப்பு வந்தால் மலைத் தோட்டத்தில் வேலை அன்றே தொடங்க வேண்டும். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கலாம். படிக்கட்டுப் பாத்திகளின் வடிகாலில் அடைத்த சருகையும் மண்ணையும் வாரி, தண்ணீரைப் பாறை தெரியும் ஓடைக்குத் திருப்பிவிட வேண்டும். புதிதாகக் கொட்டிய மண்ணின் மேல் விடக்கூடாது. செங்குத்தாக வெட்டிய மண்கரையின் அடியில் குடிசை இருந்தால் அந்த இரவு ஆட்களை வேறிடத்தில் தங்க வைக்க வேண்டும். ஈரத்தில் ஊறிய மண் மழை விட்ட மறுநாளும் சரியக்கூடும் என்பதால், வெயில் அடித்ததுமே அவர்கள் திரும்ப வேண்டியதில்லை.