ஆடும் கால்களுக்கு யார் துணை?

கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலும் மாறி மாறிக் காற்றை அனுப்ப, இரண்டுக்கும் நடுவே கிடக்கின்றது நாவற்குடா. மாலை வேளைகளில் இவ்வீதியில் நின்று பார்ப்போர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். துணிப்பைக்குள் சதங்கை குலுங்கக் குலுங்க இளம் பெண்களும், தோளில் மத்தளத்தை மாட்டிய இளைஞர்களும் பேருந்துக்காகக் காத்து நிற்பர். சுவாமி விபுலாநந்தரின் திருப்பெயர் தாங்கி 1982ஆம் ஆண்டில் இப்பகுதியிலே தோன்றிய இசை நடனக் கல்லூரி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்ததன் பயன் இது. மதங்க சூளாமணி எழுதி நாடக இலக்கணம் ஆராய்ந்த அப்பெரியாரின் சமாதியும் கல்லடி உப்போடையிலே, சிவானந்த வித்தியாலயத்தின் அருகிலேதான் இருக்கின்றது.

நம்மிடம் கல்வி பயின்ற மாணவி ஒருத்தி நடனத்தையே மேற்படிப்பாகக் கொள்ள விரும்பினாள். அவளுடைய தந்தையார் வாவியில் வலை வீசுபவர். ஒருநாள் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து, தந்த தேநீரையும் தொடாமல் நெடுநேரம் இருந்தார். பிறகு சொன்னார்: “சேர், புள்ள ஆடுறத நான் வேணாங்கல்ல. ஆடிப்போட்டு என்னத்தச் சாப்பிடுற?”

இக்கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. கலை தெய்வீகமானது என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். அது விடையாகாது. ஆடுகின்ற உடலுக்குச் சோறு வேண்டும், உறக்கம் வேண்டும், ஆடுவதற்கு நல்ல தரை வேண்டும், நோயுற்றால் மருந்து வேண்டும். இவற்றை யார் கொடுப்பது? இதனை அறியும் ஆவலினால் சில நூல்களைப் புரட்டினோம். சில முதியவர்களிடம் கேட்டோம். அங்ஙனம் அறிந்தவற்றையே இங்கே எழுதுகின்றோம்.

முதலில் நம் ஊர்க் கூத்தையே எடுத்துக்கொள்வோம். வடமோடியாயினும் தென்மோடியாயினும், மட்டக்களப்புக் கிராமத்திலே கூத்து என்பது ஒருவரின் கைப்பொருளால் நடந்ததன்று. நாளும் கோளும் பார்த்துச் சட்டம் கொடுப்பர். அதாவது இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று ஏட்டிலிருந்து பாட்டைப் பிரித்துக் கொடுப்பர். பின்னர் மாதக்கணக்காகப் பழக்கம், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாக ஏறி, இறுதியில் விடிய விடிய அரங்கேற்றம். அத்தனை நாளும் அண்ணாவியாரைப் போஷிப்பது ஊராரின் கடமை. களரிக்கு மேற்கட்டி கட்டச் சேலை கொடுப்பவர் ஒருவர். பந்தத்துக்கு எண்ணெய் கொடுப்பவர் வேறொருவர். அரங்கேற்றம் முடிந்தபின் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். வீட்டார் தத்தம் சக்திக்கேற்பப் பணமும் பொருளும் வழங்குவர். இது பிச்சையன்று. ஆடினவனுக்கும் பார்த்தவனுக்கும் இடையிலே இருந்த கணக்கு அவ்வாறு தீர்க்கப்பட்டது.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் உண்டு. ஆடுபவன் கமக்காரனாகவோ மீனவனாகவோ இருந்துகொண்டே ஆடினான். ஆட்டமே அவனுக்குத் தொழிலன்று. பெண்களுக்கோ களரியில் இடமே இல்லை. பெண் வேடமும் ஆண்களே கட்டினர். ஆதலால் பழைய முறையை அப்படியே தூக்கி வந்து இன்றைய மாணவியிடம் கொடுத்துவிட முடியாது.

முழுநேரக் குழு ஒன்றை வைத்து நடத்துவது எத்துணைக் கடினம் என்பதை உதயசங்கரின் கதை காட்டுகின்றது. இமயமலை அடிவாரத்து அல்மோராவிலே, 1930களின் இறுதியில் அவர் ஒரு கலைநிலையம் நிறுவினார். தமிழகத்துக் கந்தப்ப பிள்ளை அங்கே பரதம் கற்பித்தார். சங்கரன் நம்பூதிரி கதகளியும், அமோபி சிங் மணிப்புரியும் பயிற்றினர். இசைக்கு உஸ்தாத் அலாவுதீன் கான். இந்துவும் முஸ்லிமும், தமிழரும் வங்காளியரும், பிரெஞ்சு நாட்டு மங்கை சிம்கியும் ஒரே கூரையின் கீழ் ஆடினர். இங்கிலாந்தைச் சேர்ந்த எல்ம்ஹேர்ஸ்ட் தம்பதியர் போன்ற செல்வர்கள் பொருளுதவி செய்தனர். யுத்தம் வந்தது, பணவரவு சுருங்கியது, நான்கைந்து ஆண்டுகளுக்குள் நிலையம் மூடப்பட்டது. சில செல்வரின் தயவில் நிற்கும் வீடு அத்தயவோடு சாயும் என்பதை அங்கே கண்டோம். அல்மோராவிலிருந்து வெளியேறிய சாந்தி பர்தன் 1952இல் பம்பாயில் சிறு பாலேக் குழு ஒன்றைத் தொடங்கினார். பாவைக்கூத்துப் பொம்மைகளைப்போல் நடிகர் அசைந்தாடும் அவருடைய இராமாயணம் புகழ்பெற்றது. இரண்டே ஆண்டுகளில் அவர் மறைந்தார், குழுவோ மறையவில்லை.

நம் தீவிலே இத்துறையில் முன்னின்றவர் சித்திரசேன. 1921இல் பிறந்த இவர், திருவிதாங்கூரில் குரு கோபிநாத்திடம் கதகளி பயின்றார், சாந்திநிகேதனத்திலும் கற்றார். கண்டி நடனத்தை அடிப்படையாகக் கொண்டு, பல மரபுகளையும் உள்வாங்கிச் சிங்கள பாலேயை உருவாக்கினார். நம் பாட்டிமார் கதையாகச் சொல்லும் நளன் தமயந்தி வரலாறு 1950இல் அவருடைய பாலேயாக மேடையேறியது. கடலோர மீனவர் வாழ்வைக் கூறும் ‘கரதிய’ 1961இல் வந்தது. அவருடைய துணைவியார் வஜிரா, ஆடவர்க்கே உரியதென்று கருதப்பட்ட கண்டி நடனத்தில் பெண்ணுக்கு ஓர் இடம் தேடித்தந்தவர். இத்தனை புகழ் பெற்ற குழுவுக்கும் 1982இல் கொள்ளுப்பிட்டியிலிருந்த நடனப் பள்ளி வீடு கையைவிட்டுப் போயிற்று. பல ஆண்டுகள் நிலையான இடமின்றி உழல நேர்ந்தது. நாட்டின் முதல்தரக் கலைஞருக்கே இந்நிலை எனின், நாவற்குடாப் பெண்ணொருத்தியின் தந்தை அஞ்சுவதில் வியப்பென்ன?

இனி, கடல் கடந்து நியூயோர்க் நகருக்குச் செல்வோம். நம் கேள்விக்கு மிக நெருங்கிய விடை அங்கேதான் கிடைத்தது.

ஆதர் மிச்செல் என்பவர் கறுப்பின இளைஞர். 1955இல் நியூயோர்க் நகர பாலேக் குழுவிற் சேர்ந்து, அதன் முதன்மை ஆடற்கலைஞருள் ஒருவராக உயர்ந்தார். அந்நாளில் பாலே என்பது வெள்ளையர் கலை என்பதே பலருடைய எண்ணம். 1968இல் மாட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்செய்தி மிச்செலின் மனத்தை உலுக்கிற்று. தாம் பிறந்து வளர்ந்த ஹார்லெம் பகுதிக்குத் திரும்பினார். 1969இல் தம் ஆசிரியர் கறெல் ஷூக் என்பவரோடு சேர்ந்து ஹார்லெம் நடன அரங்கை நிறுவினார். முதலிற் கிடைத்த இடங்களில் ஒன்று வாகனக் கொட்டகை. வெயில் தாளாமல் கதவைத் திறந்து வைத்தார். வீதியிற் போன பிள்ளைகள் எட்டிப் பார்த்தனர். எட்டிப் பார்த்தவர் உள்ளே வந்தனர். முப்பது பேரோடு தொடங்கிய வகுப்பு சில மாதங்களில் நானூறாகப் பெருகியது. திறந்த கதவே அந்நிறுவனத்தின் முதல் விளம்பரம் என்று நாம் எண்ணி மகிழ்ந்ததுண்டு.

அவர்கள் எதிர்கொண்ட இடர்களுள் ஒன்று நமக்குப் புதுமையாகத் தோன்றியது. பாலே ஆடும் மங்கையர் நுனிவிரலில் நிற்பதற்கென்று ஒருவகைப் பாதணி அணிவர். அதன் நுனியில் மரம் வைத்திருப்பதாகப் பலரும் நினைப்பர். அது மரமன்று, துணியும் தாளும் பசையும் அடுக்கடுக்காக இட்டுக் கையாற் செய்யப்படுவது. வியர்வையிலும் மிதியிலும் பசை இளகிவிடும். கடினமான ஆட்டமாயின் ஒரே இரவில் ஒரு சோடி தேய்ந்து பயனற்றுப் போவதுண்டு. இப்பாதணி வெளிர்ச் சிவப்பு நிறத்திலேயே செய்யப்பட்டு வந்தது, வெள்ளைத் தோலுக்குப் பொருந்துமாறு. கறுப்பினப் பெண்ணின் காலிலோ அது கணுக்காலோடு உருவத்தைத் துண்டாக்கிக் காட்டும். 1970களிலே ஹார்லெம் குழுவினர் காலுறைக்கும் பாதணிக்கும் தத்தம் மேனி நிறத்தையே ஊட்டினர். முகப்பூச்சைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பாதணிக்கும் பூசுதல் வேண்டும். ஆட்டத்துக்கு முன்னரே மணிக்கணக்கான வேலை. வெள்ளைப் பெண் ஒருத்திக்கு இல்லாத இவ்வேலை கறுப்புப் பெண்ணுக்கு ஏன்? லண்டன் நகரிலே 1929 முதல் பாதணி செய்துவரும் ஃப்ரீட் நிறுவனம், ‘பாலே பிளாக்’ என்னும் குழுவோடு சேர்ந்து, மாநிறத்திலும் கருந்தவிட்டு நிறத்திலும் பாதணிகளை விற்பனைக்குக் கொணர்ந்தது 2018இலேதான். அரைநூற்றாண்டு கடந்தது ஒரு சோடி செருப்புக்காக!

அவர்களுடைய வாழ்விலும் இருட்காலம் வந்தது. கடன் இருபது இலட்சம் டொலரைத் தாண்டியது. 2004இல் ஆட்டக்குழுவைக் கலைக்க நேர்ந்தது. அப்போது அவர்கள் செய்த ஒரு காரியம் நம் கவனத்திற்குரியது. குழு நின்றது, பள்ளி நிற்கவில்லை. அயலிலுள்ள சிறுவர் வழமைபோல் வந்து பயின்றனர். எட்டாண்டுகளின் பின், 2012இல், குழு மீண்டும் மேடையேறியபோது அதனைத் தாங்க ஒரு பள்ளியும் ஒரு சுற்றமும் ஆயத்தமாக இருந்தன. மிச்செல் 2018இல் காலமானார். அல்மோராவுக்கும் ஹார்லெமுக்கும் உள்ள வேற்றுமை இதுவே என்று நமக்குத் தோன்றுகின்றது. முன்னையது மலையின்மேல் தனித்து நின்றது. பின்னையதற்குத் தெருவே துணை நின்றது.

இனி நம் தெருவுக்கு வருவோம். மட்டக்களப்பு ஒரே பண்பாட்டுக்குரிய மண்ணன்று. தமிழர் கூத்தும், பறைமேளமும் இங்குள்ளன. காத்தான்குடி முதலான ஊர்களிலே முஸ்லிம்களின் பொல்லடி ஆட்டம், கோலோடு கோல் மோதி வட்டமாய்ச் சுழலும். பறங்கியர் வயலினுக்கு ஏற்ப ஆடும் கபரிஞ்ஞா நடனமும் இங்கே வாழ்கின்றது. சுனாமி வந்த 2004இல் டச்பார்ப் பகுதியில் அச்சிறு சமூகம் பேரிழப்பை அடைந்தும் ஆட்டத்தைக் கைவிடவில்லை. பேராதனையிலே பேராசிரியர் வித்தியானந்தன் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை அழைத்து மாணவரைக் கொண்டு 1962இல் கர்ணன் போரை மேடையேற்றியபோது, கிராமத்துக் கூத்து பல்கலைக்கழக மண்டபம் ஏறியது. 1964இல் வந்த இராவணேசனில் ஆடிய பேராசிரியர் மௌனகுரு, பின்னாளில் அதனையே நம் நிறுவக மாணவரைக் கொண்டு மீண்டும் ஆடச்செய்தார். பல சமூகத்துப் பிள்ளைகளும் தத்தம் அடவோடு ஒரு மேடையில் ஏறும் பாலே ஒன்று இம்மண்ணில் முளைக்க வேண்டிய வித்துக்கள் யாவும் உள்ளன. இல்லாதது அதனைத் தாங்கும் குடும்பங்களின் ஏற்பாடே.

பெரும்பணம் வேண்டுமென்று அஞ்ச வேண்டியதில்லை. தரையையே பாருங்கள். கூத்துக் களரி மண்ணாலானது. குதித்தால் மண் தாங்கும். நாம் கட்டும் மண்டபங்களோ சீமெந்துத் தரை உடையவை. அதன்மேல் வெறுங்காலால் நாள்தோறும் தட்டி ஆடுகின்ற பெண்ணுக்கு முழங்காலிலும் கணைக்கால் எலும்பிலும் நோவு உண்டாகின்றது. மேனாட்டார் சற்றே நெகிழும் மரத்தளத்தின்மேல் ஆடுவதன் காரணம் இதுவே. ஒரு மண்டபம் கட்டுவோர் முகப்புத் தூணுக்குச் செலவிடுவதிற் சிறு பங்கைத் தளத்துக்குச் செலவிட்டால் எத்தனையோ கால்கள் பிழைக்கும். அடுத்தது உணவு. மெலிந்திருந்தாலே நடனம் என்று நினைத்துப் பட்டினி கிடக்கும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். நாள் முழுதும் வயலில் உழைப்பவனுக்கு நிகராக அவளும் உழைக்கின்றாள் என்பதைத் தாய்மார் உணர்தல் நன்று. இன்னுமொன்று: விழாக்களுக்கு நடனத்தை அழைப்போர் ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தற்காரருக்கும் பேசிய கூலியைக் கொடுத்துவிட்டு, ஆடினவருக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புகின்றனர். பொன்னாடையைக் கொண்டு கடையில் அரிசி வாங்க முடியுமா? அமெரிக்காவிலே ஆடுவோரின் பாதணிக்கென்றே குடும்பங்கள் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கும் வழக்கமுண்டு. நம்மவர்க்குப் பாதணி வேண்டாம். சதங்கையும் போக்குவரத்துச் செலவும் போதும்.

இவற்றையெல்லாம் மீனவரான அந்தத் தந்தையாரிடம் சிறிது சிறிதாகக் கூறினோம். ஹார்லெம் கதையை அவர் கவனமாகக் கேட்டார். அல்மோராவைக் கேட்டபோது தலையசைத்து, “பணக்காரன்ட வள்ளத்தில ஏறினா அவன் எறங்கச் சொல்லக்குள்ள எறங்கத்தான வேணும்” என்றார். நாம் பல பக்கம் படித்து அறிந்ததை அவர் ஒரு வள்ளத்துக்குள் அடக்கிவிட்டார்.

மகள் படிப்பில் சேர்ந்தாள். இப்போது சனிக்கிழமைதோறும் அயற்கிராமம் ஒன்றில் சிறுமியர்க்கு வகுப்பு எடுக்கின்றாள். சிலர் பணம் தருகின்றனர். சிலர் தேங்காயும் கீரையும் தருகின்றனர். சென்ற மாதம் அவ்வகுப்புப் பிள்ளைகளின் சிறு நிகழ்ச்சி ஒன்று கோயில் முன்றில் மணலிலே நடந்தது. தந்தையார் கடைசி வரிசையில், கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். முடிந்ததும் நம்மருகே வந்து, நடுவில் ஆடிய சின்னப் பிள்ளையின் காலில் ஏன் ஒரு சதங்கைதான் இருந்தது என்று கேட்டார். மற்றது அறுந்துவிட்டதென்றும், வாங்க வீட்டில் வசதியில்லை என்றும் சொன்னோம். சோடி என்ன விலை என்றார்.