வெங்காயத்தை ஒளித்து வைத்தவர் யார்?

"எல்லாம் வியாபாரிகள் பண்ணுகிற வேலை, ஸார்! மூட்டை மூட்டையாய்ப் பதுக்கி வைத்துக்கொண்டு விலையை ஏற்றி விடுகிறார்கள்!"

வெங்காய விலை ஏறும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டிலும், பால் பூத்திலும், சட்டசபையிலும் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கலாம். கட்சி பேதமின்றி எல்லோரும் ஒப்புக்கொள்கிற பொருளாதார சித்தாந்தம் நம் நாட்டில் ஒன்று உண்டென்றால், அது இதுதான். இத்தனை பேர் சொல்வது தப்பாக இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். முக்கால்வாசி தப்புத்தான்.

வியாபாரி நினைத்தால் விலையை ஏற்றிவிடலாம் என்றால், அவர் எதற்காக அக்டோபர் வரையில் காத்திருக்கிறார்? ஏப்ரல் மாதமே ஏற்றியிருக்கலாமே? கோடைக் காலத்தில் மட்டும் அவருக்கு நம்மிடம் விசேஷப் பிரியமா, என்ன? 2018 நவம்பரில் நாசிக் ஜில்லா விவசாயி ஒருவர் 750 கிலோ வெங்காயத்தைச் சந்தையில் விற்றார். கைக்கு வந்தது ரூ.1,064. கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் கூட இல்லை. மனம் நொந்துபோய் அந்தத் தொகையை அப்படியே பிரதம மந்திரிக்கு மணியார்டர் செய்துவிட்டார். பேராசை பிடித்த வியாபாரிகள் அந்த நவம்பரிலும் இருக்கத்தான் இருந்தார்கள். அவர்களுடைய ஆசை அப்போது எங்கே போயிற்று? மனிதனுடைய ஆசை வருஷம் பூராவும் ஒரே மட்டத்தில்தான் நிற்கிறது. ஏறி இறங்குவது சரக்கு.

சரக்கின் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். நாம் 'பெல்லாரி' என்று சொல்கிற பெரிய வெங்காயம், பெயரைக் கொடுத்த ஊரை விட மகாராஷ்டிரத்தில்தான் அதிகமாக விளைகிறது. நாசிக் ஜில்லாவில் லாசல்காவ் என்று ஓர் ஊர். அங்கே காலையில் ஏலத்தில் படிகிற விலைதான் தில்லிக்கும் கோயம்பேட்டுக்கும் வழிகாட்டி. தேசத்து வெங்காயத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 'ரபி' போகத்தில் விளைந்து, மார்ச் முதல் மே வரையில் அறுவடையாகிறது. அடுத்த பெரிய வரத்து அக்டோபர் கடைசியில்தான் தலை காட்டும். ஆவணியிலும் புரட்டாசியிலும் நம் வீட்டு சாம்பாரில் மிதக்கும் வெங்காயம் பெரும்பாலும் சித்திரை வாக்கில் மண்ணிலிருந்து எடுத்ததுதான். நடுவில் இருக்கும் ஐந்து மாதமும் யாரோ ஒருவர் அதை வைத்துக் காப்பாற்றியிருக்க வேண்டும் அல்லவா?

வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நாசிக்கில் காற்றோட்டமாக மூங்கில் அடைப்பு வைத்த கொட்டகை கட்டி, அதைக் 'காந்தா சாள்' என்கிறார்கள். அதற்குள் வைத்தாலும் கால் பங்குக்குக் குறையாமல் வற்றியும், அழுகியும், முளைவிட்டும் போய்விடும். நாலு மூட்டை வைத்தவர் மூன்று மூட்டைதான் எடுக்கிறார். அரிசியை இரண்டு வருஷம் பூட்டி வைக்கலாம். வெங்காயத்தைப் பதுக்குவது ஐஸ் கட்டியைப் பதுக்குகிற மாதிரி! போதாததற்கு வட்டி, வாடகை, காவல். மழை கெட்டுப் புது மகசூல் அழிந்தால் அவருக்கு லாபம். புது மகசூல் நன்றாக விளைந்து வந்துவிட்டாலோ, முதலுக்கே மோசம். அப்படி அவர் கெட்டுப் போகிற வருஷத்தில் யாரும் அவரைப் பற்றிச் சட்டசபையில் பேசுவதில்லை.

ஏப்ரலில் அவர் வாங்குவதால் விவசாயிக்கு விலை அடிமட்டத்துக்குப் போகாமல் நிற்கிறது. அக்டோபரில் அவர் விற்பதால் நமக்கு விலை இன்னும் ஏறாமல் நிற்கிறது. வைப்பார் யாருமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வெங்காயம் தெருவில் கொட்டிக் கிடக்கும், அக்டோபரில் கண்ணால் பார்க்கக் கிடைக்காது. 1776-ல் ஆடம் ஸ்மித் தம் பெரிய புத்தகத்தில் தானிய வியாபாரியைக் கப்பல் தலைவனுக்கு ஒப்பிட்டார். கையிருப்பு கரை சேரும் வரையில் வர வேண்டுமே என்று மாலுமிகளுக்கு முன்கூட்டியே ரேஷனைக் குறைக்கிறான் தலைவன். வியாபாரி அதே வேலையை விலையை ஏற்றிச் செய்கிறான். அதுவும் சொந்த லாபத்தை நினைத்துத்தான், தர்மத்தை நினைத்து அல்ல. பதுக்கல்காரனைப் பற்றிய ஜனங்களின் பயம் சூனியக்காரியைப் பற்றிய பயத்தைப் போன்றது என்றும் ஸ்மித் எழுதினார். இருநூற்றைம்பது வருஷம் ஆயிற்று. சூனியக்காரியை மட்டும் விட்டுவிட்டோம்!

மந்திரிகளின் பயம் வேறு ரகம். 1980 தேர்தலில் இந்திரா காந்தி வெங்காய விலையைப் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டு வெற்றி பெற்றார். 1998-ல் தில்லியில் வெங்காயம் கிலோ 40 ரூபாயைத் தாண்டியது. சில வாரங்களில் அங்கே ஆட்சி மாறியது. அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் எந்த சர்க்காருக்கும் நடுக்கந்தான். 1955-ஆம் வருஷத்து அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் கையில் இருக்கிறது. எடுத்து வீசுகிறார்கள்.

2019 செப்டம்பர் 29-ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை. மொத்த வியாபாரி 500 குவிண்டாலுக்கு மேல் வைக்கக்கூடாது என்று உத்தரவு. அப்புறம் பருவம் தப்பிப் பெய்த மழை நிலத்தில் இருந்த பயிரை அடித்துக்கொண்டு போயிற்று. மழைக்குச் சட்டம் தெரியாது. டிசம்பரில் பல நகரங்களில் விலை 100 ரூபாயைத் தாண்டியது. துருக்கியிலிருந்தும் எகிப்திலிருந்தும் கப்பலில் தருவித்தார்கள். அது வந்து சேருவதற்குள் இங்கே புது வெங்காயம் வரத் தொடங்கிவிட்டது. பல மாநிலங்கள் "எங்களுக்கு வேண்டாம்" என்று கையை விரிக்க, வந்த சரக்கு துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தது. 2020 அக்டோபரில் வரம்பு 25 டன் ஆயிற்று. ஒன்றிரண்டு லாரிக்குள் அடங்கிவிடும் சரக்கு அது. வாங்கினால் எங்கே வைப்பது என்று லாசல்காவ் வியாபாரிகள் ஏலத்துக்கே வராமல் இருந்துவிட்டார்கள். விலையை இறக்கப் போட்ட உத்தரவு சந்தையை மூடிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சர்க்காரே வெங்காயம் வாங்கி வைக்கிறது! 2023-ல் 5 லட்சம் டன் வாங்க இலக்கு வைத்தார்கள். கோடையில் வாங்கி, தட்டுப்பாட்டுக் காலத்தில் விற்பதுதான் திட்டம். 2024 அக்டோபரில் நாசிக்கிலிருந்து தில்லிக்குத் தனி ரயிலில் 1,600 டன் போயிற்று. நல்ல காரியந்தான். ஆனால் சர்க்கார் வைத்தால் அதற்குப் பெயர் 'கையிருப்பு'. வியாபாரி வைத்தால் 'பதுக்கல்'. வெங்காயத்துக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

ஏற்றுமதித் தடையின் பாரம் விழுவது விவசாயியின் தலையில். 2023 டிசம்பர் 8-ஆம் தேதி போட்ட தடை 2024 மே 4-ஆம் தேதிதான் நீங்கியது. தடை போட்டதும் சந்தையில் விலை சரிந்தது. ரபி அறுவடை தொடங்கிய பிறகும் தடை தொடர்ந்தது. அந்த மே மாதத்திலேயே அங்கே பார்லிமெண்ட் தேர்தல். நாசிக், திண்டோரி இரண்டு தொகுதிகளிலும் மத்திய சர்க்காரின் கூட்டணி தோற்றது; வெங்காயமும் ஒரு காரணம் என்று பலர் சொன்னார்கள். 1998-ல் தின்றவர்களின் கோபம், 2024-ல் விளைவித்தவர்களின் கோபம்.

வியாபாரிகள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நாலு பேர் கூடிப் பேசிவைத்துக்கொண்டு ஏலத்தில் விலையை அமுக்கினால் அது மோசடிதான். அதற்கு மருந்து, சந்தைக்கு இன்னும் பல வியாபாரிகளை வர விடுவது. 1943 வங்காளப் பஞ்சத்தில் அரிசி கூலிக்காரனுக்கு எட்டாமல் போனதற்குப் போர்க்காலப் பணவீக்கத்தோடு பீதியும் பதுக்கலும் சேர்ந்துகொண்டன என்பதை அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய புத்தகத்தில் விளக்கியிருக்கிறார். கையில் காசில்லாதவனுக்கு, "விலை தன் வேலையைச் செய்கிறது" என்று பாடம் நடத்திப் பிரயோஜனமில்லை. அவனுக்குக் கூலியும் நிவாரணமும் வேண்டும். வெங்காயத்திலும், விலை ஏறினால் முதலில் இல்லாமல் ஆவது ஏழையின் தட்டில்தான்.

ஆனாலும் அக்டோபரில் ஒரு மூட்டை கூட இருக்க வேண்டுமானால், மே மாதத்தில் ஒரு மூட்டை அழுகாமல் தப்ப வேண்டும். கவனம் போக வேண்டிய இடம் அந்தக் கொட்டகை. லாசல்காவிலேயே 2002-ல் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு கூடம் அமைத்தார்கள். வெங்காயத்தின் மேல் காமா கதிரைப் பாய்ச்சினால் அது முளைவிடாது. குளிர்பதனக் கிடங்கும் சேர்ந்தால் இன்னும் பல மாதம் தாங்கும். ஆனால் கதிர் பாய்ச்சவும் குளிரூட்டவும் ஆகும் செலவை யாராவது போட வேண்டும். வைத்திருந்ததற்காக அக்டோபரில் போலீஸ் வந்து பூட்டை உடைக்கும் என்று தெரிந்தால், அந்தப் பணத்தை யார் போடுவார்கள்?