கணக்கெடுப்பில் சிக்கிய கடவுள்

1937 ஜனவரியில் சோவியத் ஒன்றியம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியது. கேள்விகளில் ஒன்று மதத்தைப் பற்றியது. கடவுளை ஏறக்குறைய ஒழித்தாகிவிட்டது என்று அரசு நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1925இல் தொடங்கப்பட்ட போர்க்குண நாத்திகர் சங்கம், 1932இல் தன்னிடம் 55 லட்சம் உறுப்பினர்கள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டது. மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை 1931 டிசம்பரிலேயே வெடிவைத்துத் தகர்த்திருந்தார்கள். ஆனால் கணக்கெடுக்க வந்த ஊழியரின் முகத்துக்கு நேராக, 16 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், நம்பிக்கை உள்ளவர்கள் என்றே பதிவு செய்தார்கள்.

அரசு அந்தக் கணக்கெடுப்பையே செல்லாது என்று அறிவித்துவிட்டது. மொத்த மக்கள்தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தது இன்னொரு கோபம். நடத்திய புள்ளியியலாளர்கள் கைதானார்கள். சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முடிவுகள் அரை நூற்றாண்டுக்கு வெளியே வரவில்லை.

நாத்திகமும் மதம்போல இறுகிப்போகுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கணக்கெடுப்பைத்தான். கடவுள் இல்லை என்பது யோசித்து எட்டிய முடிவாக இருக்கும்வரை, எதிர்க்கேள்விக்கு அது பதில் சொல்லும். எண்ணிப் பார்த்தவரையே சிறையில் தள்ளிய பிறகு, அது வேதமாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

வேதமானால் திருவுடலும் வேண்டுமே! 1918 முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், புனிதர்களின் பேழைகளைத் திறந்து, அழியாத உடல் என்று சொல்லப்பட்டவை எலும்பும் பஞ்சும்தான் என்று மக்களுக்குக் காட்டினார்கள். அதில் தவறில்லை. 1924இல் லெனின் இறந்தார். அவரை இப்படியெல்லாம் வழிபட வேண்டாம் என்று மனைவி க்ரூப்ஸ்கயா பத்திரிகையிலேயே எழுதினார். எடுபடவில்லை. உடலைப் பதப்படுத்திச் செஞ்சதுக்கத்தில் வைத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று தரிசித்தார்கள். 1964இல் 'அறிவியல் நாத்திகம்' உயர்கல்வியில் கட்டாயப் பாடமாகி, அதற்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வு எழுதினார்கள்.

1932இல் பெரியாரும் அந்த நாட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கி, மெச்சித் திரும்பினார். ஆனால் ஈரோட்டு நாத்திகத்தின் கையில் போலீஸ் இல்லை. இரவு அவர் பேச்சைக் கேட்டுக் கைதட்டியவர் காலையில் கோயிலுக்குப் போகலாம். பலர் போகவும் செய்தார்கள். இந்த வித்தியாசத்தைச் சின்னது என்று தள்ளிவிட முடியாது.

இன்றைய ரஷ்யாவில் நாற்காலி அதேதான், உட்கார்ந்திருப்பவர் வேறு. மாஸ்கோ பேராலயத்தைத் தகர்த்த இடத்தில் 1960 முதல் நீச்சல் குளம் இருந்தது. அதை மூடி, பேராலயத்தை மறுபடி கட்டி, 2000இல் அர்ச்சித்தார்கள். 2012இல் அதற்குள் நுழைந்து புதினுக்கு எதிராகப் பாடிய பெண்கள் சிறைக்குப் போனார்கள். மறு ஆண்டே, நம்பிக்கையாளர்களின் உணர்வைப் புண்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் வந்தது. யெகாதெரின்பர்க் தேவாலயத்துக்குள் கைபேசியில் போகிமான் விளையாடி, அதைப் படமாக்கி வெளியிட்ட இளைஞருக்கு 2017இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. 2020இல் அரசியல் சட்டத்துக்குள்ளும் கடவுள் வந்துவிட்டார்.

இதற்கு நடுவில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் வித்தாலி கின்ஸ்பர்க் தன்னை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2007இல் அவர் உட்படப் பத்து அறிவியலாளர்கள் புதினுக்குக் கடிதம் எழுதினார்கள்: பள்ளிகளிலும் அறிவியல் அமைப்புகளிலும் திருச்சபை நுழைவது சரியல்ல, இறையியலை அறிவியல் துறையாக ஏற்கக் கூடாது என்று. கையில் அதிகாரம் இல்லாத, வாதம் மட்டுமே வைத்திருக்கும் இந்த நாத்திகத்தின் மீதுதான் எனக்கு மரியாதை. 2009இல் கின்ஸ்பர்க் மறைந்தார். 2015இல் ரஷ்யக் கல்வித்துறை இறையியலை அறிவியல் துறைகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.