எந்த நெட்வொர்க் வேகமானது? அளந்து பார்த்து முடிவெடுங்கள்

செல்பேசி நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பட்டியலில் முதலிடத்தில் இருக்கும். அந்தப் பட்டியல்கள் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எதை அளந்தார்கள், எங்கே அளந்தார்கள், யாருடைய போனில் அளந்தார்கள் என்ற மூன்றும் தெரியாமல் அந்த எண்களால் நமக்குப் பயன் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, வங்கிக் கணக்கு, கடையில் பணம் செலுத்துவது, அரசுச் சான்றிதழ் என எல்லாமே செல்பேசி இணையத்தை நம்பி நடக்கும் காலம் இது. எனவே அந்த எண்களைப் படிக்கும் முறையை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

நீளும் அலையும் அகன்ற அலைக்கற்றையும்

வேகமும் கவரேஜும் வேறு வேறு. பெரும்பாலும் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். இதற்குக் காரணம் ரேடியோ அலைகளின் இயல்பு. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 3300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 9 சென்டிமீட்டர். 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்கோ ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அதிர்வெண் குறைந்த அலை தொலைவு செல்லும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். அதிர்வெண் ஏற ஏற அந்தத் திறன் குறையும்.

அப்படியானால் எல்லாரும் 700 மெகாஹெர்ட்ஸையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். அங்கே இடம் குறைவு என்பதுதான் சிக்கல். ஓர் அலைக்கற்றையின் அகலம் இரண்டு மடங்கானால் அதில் செல்லும் தகவலும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், சிக்னலின் பலத்தை இரண்டு மடங்காக்கினால் கிடைக்கும் பலனோ சிறியது. இது 1948இல் கிளாட் ஷானன் நிறுவிய கணக்கு. தாழ்ந்த அலைவரிசைகளில் ஒரு நிறுவனத்துக்கு 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ் கிடைப்பதே பெரிது. 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 100 மெகாஹெர்ட்ஸ் வரை அகலம் கிடைக்கிறது. 5ஜியின் பெரும் வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

நான்கு நிறுவனங்கள், நான்கு வழிகள்

2022 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை இந்தியாவில் நடந்த 5ஜி ஏலத்தில் மொத்தம் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விற்பனையானது. ஜியோ 3300 மெகாஹெர்ட்ஸோடு, நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் 700 மெகாஹெர்ட்ஸையும் வாங்கி, 4ஜியைச் சாராத தனித்த 5ஜி வலையமைப்பைக் கட்டியது. ஏர்டெல் 700ஐ வாங்காமல், தன்னிடம் இருந்த 4ஜி கட்டமைப்பின் துணையோடு 3300 மெகாஹெர்ட்ஸில் 5ஜியைத் தொடங்கியது. வோடஃபோன் ஐடியாவின் 5ஜி 2025 மார்ச்சில்தான் மும்பையில் அறிமுகமானது. அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்லோ சி-டாட், தேஜஸ், டிசிஎஸ் ஆகியவை உருவாக்கிய உள்நாட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு 4ஜி வலையமைப்பை அமைத்தது. அது 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது.

ஆகவே போனின் மேல் ஓரத்தில் 5ஜி என்று தெரிவதால் மட்டும் வேகம் உறுதியாகிவிடாது. அது 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 700இல் வருகிறதா, 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 3300இல் வருகிறதா என்பதைப் பொறுத்து வேகம் பல மடங்கு மாறும். டவருக்குப் பின்னால் இருக்கும் இணைப்பும் முக்கியம். ஃபைபர் வந்து சேரும் டவர் ஒன்று, இன்னொரு டவரிலிருந்து மைக்ரோவேவ் வழியாகத் தகவல் பெறும் டவர் மற்றொன்று. இரண்டிலும் ஒரே கருவி இருந்தாலும் திறன் ஒன்றாக இருக்காது. ஒரு டவரின் திறனை அதில் இணைந்த எல்லாருமே பங்கிட்டுக்கொள்வதால், மாலை 7 மணிக்கு மேல் வேகம் சரிவதும் இயல்பு.

எப்படி அளக்கிறார்கள்?

அளவிடும் முறைகள் இரண்டு. முதலாவது வாகனச் சோதனை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், எல்லா நிறுவனங்களின் சிம் போட்ட போன்களையும் ஒரே வண்டியில் வைத்து நகரச் சாலைகள், நெடுஞ்சாலைகள் வழியே ஓட்டிச் சென்று அழைப்புத் துண்டிப்பு, பதிவிறக்க வேகம், தாமதம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறது. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வகைப் போன் என்பதால் ஒப்பீடு நியாயமாக அமையும். ஆனால் வண்டி போகாத தெருவும் வீட்டின் உள்ளறையும் கணக்கில் வராது.

இரண்டாவது, பயனர்களின் போன்களிலிருந்தே திரட்டுவது. ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட், ஓப்பன்சிக்னல், 2016இல் வந்த டிராயின் மைஸ்பீட் ஆகிய செயலிகள் இந்த வகை. லட்சக்கணக்கான இடங்களிலிருந்து தரவு வருவது இதன் பலம். யாரிடம் எந்தப் போன் இருக்கிறது, யார் எப்போது சோதிக்கிறார்கள் என்பது நம் கையில் இல்லாதது இதன் பலவீனம்.

ஓர் உதாரணம். ஊக்லாவின் கணக்குப்படி இந்தியாவின் செல்பேசிப் பதிவிறக்க வேகத்தின் நடுமதிப்பு 2022 செப்டம்பரில் நொடிக்கு 13.87 மெகாபிட். 2023 ஆகஸ்டில் அது 50.21 மெகாபிட். உலகத் தரவரிசையில் 119ஆம் இடத்திலிருந்து 47ஆம் இடத்துக்கு நாடு முன்னேறியது. பெருமைப்பட வேண்டிய பாய்ச்சல்தான். ஆனால் எல்லாருடைய போனும் மூன்றரை மடங்கு வேகமாகிவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. 5ஜி போன் வைத்திருப்பவர்கள் செய்த சோதனைகள் பெருமளவில் சேர்ந்ததே இந்த உயர்வுக்கு முக்கியக் காரணம். பழைய 4ஜி போனுடன் மலையடிவாரத்தில் இருப்பவரின் அனுபவம் அந்த எண்ணில் தெரியாது. மாவட்டத்தின் சராசரி மழையைக் கொண்டு நம் வயலில் எவ்வளவு பெய்தது என்று சொல்ல முடியாதது போலத்தான் இதுவும்.

வரைபடத்தில் இருப்பதும் வீட்டில் கிடைப்பதும்

கவரேஜ் எண்களிலும் இதே எச்சரிக்கை தேவை. மக்கள்தொகையில் 99 சதவீதம் என்பது நிலப்பரப்பில் 99 சதவீதம் ஆகாது. மக்கள் நெருங்கி வாழும் ஊர்களுக்கு டவர் போட்டாலே முதல் எண் உயர்ந்துவிடும். காட்டுப்பாதை, மலைச்சாலை, கடலோரக் குப்பங்கள் விடுபட்டாலும் அந்த எண் பெரிதாகக் குறையாது. எந்தப் பகுதியில் எந்தத் தொழில்நுட்பம் கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று டிராயின் 2024ஆம் ஆண்டு விதிமுறை கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் இத்தகைய வரைபடம் பெரும்பாலும் டவரின் இடம், உயரம், நில அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு கணினி போடும் மதிப்பீடு. கான்கிரீட் கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது.

சிக்னல் கோடுகள் தெரிந்தும் செய்தி போகாமல் நிற்பதற்கும் காரணம் உண்டு. டவர் பல பத்து வாட் திறனில் பேசுகிறது. நம் போன் வழக்கமாக 0.2 வாட்டில்தான் பதில் சொல்கிறது. அதனால் டவரிலிருந்து விலகிய இடங்களில் முதலில் தடுமாறுவது பதிவேற்றம். பதிவிறக்க வேகத்தை மட்டும் காட்டும் விளம்பரம் இந்தக் குறையை மறைத்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னலின் பலம் எண்ணாக இருக்கும். 4ஜியில் மைனஸ் 80 நல்ல நிலை, மைனஸ் 110 பலவீனம். 30 எண் வேறுபாடு சிறிதாகத் தோன்றும். உண்மையில் அது ஆயிரம் மடங்கு பலக்குறைவு.

பிறகு வேகத்தைச் சோதியுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, காலை, மாலை, இரவு என வெவ்வேறு நேரங்களில், வீட்டின் உள்ளேயும் பணியிடத்திலும் பாருங்கள். அன்றைய டேட்டா தீர்ந்த பிறகு சோதித்தால் திட்டத்தின் கட்டுப்பாடுதான் தெரியும், நெட்வொர்க்கின் திறன் தெரியாது. செயலி காட்டும் 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான், ஏனெனில் 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். உயர்தர வீடியோவுக்கு 5 மெகாபிட்டே போதும். எனவே ஒருநாள் கிடைக்கும் 300ஐ விட, என்றும் குறையாமல் கிடைக்கும் 10 மேலானது. அகண்ட அலைவரிசைச் சேவை என்று அழைக்க நொடிக்கு 2 மெகாபிட்டாவது வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வரையறுத்தது. உங்கள் இணைப்பு அதற்கும் கீழே போனால் புகார் செய்யத் தயங்காதீர்கள்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நமக்கு இருக்கிறது. 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் அந்த வேலை தொடங்கிவிடும். ஆனால் ஒருமுறை மாறினால் 90 நாள் கழித்துத்தான் மீண்டும் மாற முடியும். ஆகவே மாறும் முன், அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் உறவினரையோ அண்டை வீட்டாரையோ உங்கள் வீட்டுக்குள் அழைத்து, அவர் போனில் சோதித்துப் பாருங்கள். எந்தப் பட்டியலின் முதலிடத்தையும் விட உங்கள் கூரைக்குக் கீழே எடுத்த அந்த அளவே நம்பத் தகுந்தது.