கல்லூரி மாணவர்க்கான மனநல ஆற்றுப்படுத்துதல்: திருப்புட்குழி மரபுவழி ஒரு நோக்கு

முன்னுரை

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பாலுச்செட்டி சத்திரத்தை அடுத்து அமைந்த சிற்றூர் திருப்புட்குழி. சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் ஆற்றிய இடமென இவ்வூரைத் தலபுராணம் போற்றும். இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்ற இடமும் இதுவே என்பது வைணவ மரபு. இன்றைய கல்லூரிகளில் மனநல ஆலோசனை எங்கே இடறுகிறது என்பதை விளங்கிக்கொள்ள அம்மாணவரின் கதை துணைசெய்கிறது.

உபநிடதத் தொடர் ஒன்றுக்கு ஆசிரியர் உரைத்த பொருளை மாணவர் ஏற்கவில்லை. வேறுபாடு பகையாக முற்றியது. காசி யாத்திரையின்போது அவரைக் கொல்லச் சூழ்ச்சி நடந்தது எனக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அதனை முன்னரே அறிவித்துத் தப்பச் செய்தவர், உடன்பயின்ற உறவினராகிய கோவிந்தர். காஞ்சிக்கு மீண்டவருக்குப் பற்றுக்கோடாக அமைந்தவர் திருக்கச்சி நம்பி. அவர் வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டர். இராமாநுசருக்குப் பாடம் சொன்னவர் அல்லர். இதில் வரலாறு எத்துணை, புனைவு எத்துணை என்பது தனி ஆய்வுக்குரியது. இடரை முதலில் உணர்ந்தவர் சகமாணவர் என்பதும், தேற்றியவர் அம்மாணவரின் கல்வியின்மீது எவ்வகை அதிகாரமும் இல்லாதவர் என்பதுமே ஈண்டு நோக்கத்தக்கன.

மதிப்பிடுபவரும் செவிமடுப்பவரும்

இக்காலக் கல்லூரி அமைப்பு இதற்கு நேர்மாறாக உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டு வெளியிட்ட மாணவர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள், ஏறத்தாழ 25 மாணவர்க்கு ஓர் ஆசிரியர்-ஆலோசகர் என்னும் முறையைப் பரிந்துரைத்தன. அவ்வாசிரியர் மாணவரின் உணர்வுத் தேவைகளைக் கவனிக்க வேண்டும். வருகை, தேர்வு முடிவு முதலியவற்றைப் பெற்றோருக்கும் அறிவிக்க வேண்டும். நோக்கம் நல்லதே. எனினும் இவ்விரு பணிகளும் ஒருவரிடமே சேரும்போது முதற்பணி நலிவுறுவது இயல்பு. அக மதிப்பீட்டு மதிப்பெண்ணை இடுபவரிடம், வீட்டுக்குச் செய்தி சொல்லும் பொறுப்புடையவரிடம், தன் காதலையோ கடனையோ உறக்கமின்மையையோ எம்மாணவர் மனந்திறந்து கூறுவார்?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 23ஆம் பிரிவில் மனநோயுற்றோரின் செய்திகளை மறைபொருளாகக் காக்கும் கடப்பாட்டை மருத்துவம் சார்ந்த பணியாளர்மீது சுமத்துகிறது. மொழிப்பாடம் கற்பிக்கும் ஆசிரியர்-ஆலோசகர் அவ்வரையறைக்குள் வருபவரல்லர். அவரது நற்பண்பு ஒன்றே மாணவருக்குப் பிணை. பெரும்பாலான ஆசிரியர் அப்பிணைக்குத் தகுதியுடையோரே. ஆயினும் ஒரு சேவையைத் தனிமனிதரின் பண்பை மட்டும் நம்பி அமைத்தல் பொருந்தாது.

உச்சநீதிமன்றம் 2025 சூலை 25 அன்று சுக்தேப் சாகா வழக்கில் வழங்கிய தீர்ப்பு இவ்விடத்தில் முதன்மை பெறுகிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற மாணவி ஒருவரின் இறப்பு தொடர்பான வழக்கு அது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். அதனினும் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநருடன் முறையான பரிந்துரைத் தொடர்பு கொண்டிருக்க வேண்டும் என நீதிமன்றம் பணித்தது. செவிமடுப்பவரை மதிப்பிடுபவரிடமிருந்து பிரிப்பதற்கான வாயிலை இவ்வாணை திறக்கிறது.

மாவட்டத்தின் நிலை

தமிழக அரசு 2022 திசம்பரில் தொடங்கிய ‘மனம்’ என்னும் மனநல நல்லாதரவு மன்றத் திட்டம் அரசு மருத்துவக் கல்லூரிகளிலிருந்து புறப்பட்டது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அங்கிருந்த அரசு மருத்துவக் கல்லூரியும் அம்மாவட்டத்திற்கே உரியதாயிற்று. எனவே காஞ்சிபுரம் மாவட்டத்து மாணவருக்கு அத்தகைய மையம் மாவட்ட எல்லைக்கு வெளியே உள்ளது. உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இரு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வருபவர், மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் வீட்டாருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். வகுப்பு முடிந்தபின் வருக என்னும் ஆலோசனை அவருக்கு எட்டாக்கனியே.

தொலைபேசி இத்தொலைவைக் குறைக்கிறது. 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றி, எந்நேரமும் பேசலாம். ஆனால் தறியும் அடுப்பும் படுக்கையும் ஒரே கூடத்தில் அமைந்த நெசவாளர் வீட்டில் தனித்துப் பேச இடமேது? ஆகவே, கதவடைத்துப் பேசத்தக்க சிற்றறை ஒன்றைப் பகற்பொழுதில், கல்லூரிக்குள்ளேயே ஒதுக்குதல் இன்றியமையாதது. அது முதல்வர் அறையை ஒட்டி அமையாதிருத்தல் நலம். உள்ளே செல்பவரை எல்லாரும் காண்பர்.

ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல்

ஆலோசனைக்கு ஈடாகத் தமிழில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்னும் சொல் வழங்குகிறது. துயர் ஆற்றுதல் என்றே பலரும் இதற்குப் பொருள் கொள்கின்றனர். ஆறு என்பது வழி. ஆற்றுப்படை என்பது வழிப்படுத்துவது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனை வள்ளலிடம் செலுத்துவது அதன் அமைப்பு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையும் இவ்வகையினதே. அதில் வழிகாட்டுபவன் வள்ளல் அல்லன். தானே கொடுப்பதாகவும் கூறுவதில்லை. இடையிலுள்ள நிலங்களையும், அங்கு வாழ்வோரையும், அவர்கள் இடும் உணவையும் விரித்துரைக்கிறான்.

ஆசிரியர்-ஆலோசகருக்கு உரிய பணியையும் இவ்வாறே வரையறுக்கலாம். மாணவரின் மறைபொருளைக் கேட்டறிதல் அவருக்கு வேண்டுவதன்று. ஆலோசகர் எந்நாளில் வருவார், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை எங்குக் காணலாம், திரும்பும் பேருந்து எப்போது என்பவற்றை அவர் அறிந்திருத்தல் வேண்டும். கோவிந்தரைப் போல் இடரை முதலில் காணும் சகமாணவர்க்கும் இவ்வழித்தகவலை ஆண்டுத் தொடக்கத்திலேயே, முதலாண்டு வகுப்புகளில் அறிவித்துவிடலாம்.