பால் மறந்த குழவி

சொந்த ஊரை விட்டுப் பட்டான்செருவில் குடியேறிய நம் குடும்பங்களில் பிள்ளைப்பேறு நிகழுங்கால், அருகிருந்து பார்க்கப் பாட்டியார் பலருக்கு வாய்ப்பதில்லை. குழந்தையின் வாழ்வில் ஆபத்து மிகுந்தவையோ பிறந்த முதல் 28 நாள்கள். அந்நாள்களில் இளந்தாய் அறிந்திருக்க வேண்டுவனவற்றை இத்திங்கள் எழுத முற்பட்டோம்.

கிருமி தொற்றினால் பெரியவர் வாய்விட்டுச் சொல்வர். பச்சிளங்குழவி பல வேளை அழுவதுகூட இல்லை. நேற்றுவரை ஆவலுடன் பால் குடித்த குழந்தை இன்று மார்பைப் பற்றாது துவண்டு கிடப்பின், அதுவே அதன் முறையீடு. “சமர்த்தாகத் தூங்குகிறது” என்று மகிழ்ந்திருத்தல் ஆகாது. அது அழாதிருக்கும்போது ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுக. 60 அல்லது அதற்கு மேல் இருப்பின் கவலைக்குரியது. மூச்சிழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி ஆழக் குழிதல், வலிப்பு, உடல் சுடுதல் அல்லது சில்லிடுதல், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைக. சில மணி நேரத்திலேயே நோய் முற்றிவிடக் கூடும்.

உரிய காலத்தில் கண்டறிதலின் பயனை மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலி காட்டியது. அங்கே அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர், இவ்வறிகுறிகளைக் காணவும் மருந்தூசி போடவும் சிற்றூர்ப் பெண்களைப் பயிற்றினர். அத்தகைய ஏற்பாடு இல்லாத ஊர்களோடு ஒப்பிட, பச்சிளங்குழந்தைகளின் சாவு 62 விழுக்காடு குறைந்ததென 1999இல் அவர்கள் வெளியிட்டனர்.

ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஆகியவற்றை ஊசி வழியே செலுத்துதல் வழக்கமான முதற் சிகிச்சை. குழந்தை தேறிப் பால் குடிக்கத் தொடங்கிவிட்டதென்று இடையில் நிறுத்துதல் தவறு. மருத்துவர் குறித்த நாள் முழுதும் நடைபெற வேண்டும்.

இதனை நம்மூரார் சிறப்பாக உணர்தல் தகும். இங்குள்ள சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைத் தூய்மை செய்த நிலையத்திலிருந்து வெளியேறிய நீரைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோக்கிம் லார்சன் குழுவினர் சோதித்தனர். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லி அதில் இருந்ததை 2007இல் வெளியிட்டனர். சிலவகைக் கிருமிகளை அழிக்கும் அளவினும் அஃது ஆயிரம் மடங்கு மிகுதி. இடைவிடாது மருந்தில் தோய்ந்த கிருமிகளுள் மருந்துக்கு மசியாதவை எஞ்சிப் பெருகும். வேண்டாத மருந்தை உண்பதும், வேண்டிய மருந்தைப் பாதியில் விடுவதும் அதே தீங்கை வளர்க்கும். டில்லி மருத்துவமனைகள் மூன்றில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், பச்சிளங்குழந்தைகளைத் தாக்கிய கிருமிகளுட் பல, பலவகை மருந்துகளுக்கு மசியவில்லை. ஆகவே கடையில் நாமே மருந்து வாங்கிப் புகட்டுதல் ஒருபோதும் வேண்டா.

வருமுன் காத்தல் எளிது. குழந்தையைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுக. சீம்பாலை வீணாக்காது ஊட்டுக. தொப்புளில் எண்ணெயோ சாம்பலோ இடாது உலரவிடுக.

மொழி தெரியாதே என்று தயங்கி இரவைக் கழித்துவிடாதீர். 108ஐ அழையுங்கள், “பாப்ப பாலு தாகட்லேது” என்னும் மூன்று தெலுங்குச் சொற்கள் போதும். குழந்தை பால் குடிக்கவில்லை என்பது அதன் பொருள். அவற்றை இன்றே மனனம் செய்துகொள்ளுமாறு நம் தாய்மாரையும் தந்தையரையும் வேண்டுகிறோம்.