மவுஸ் வருமுன்

1978இல் வேர்ட்ஸ்டார் என்ற சொற்செயலி வெளிவந்தபோது மேசையில் மவுஸ் இல்லை. பல டெர்மினல்களில் அம்புக்குறி விசைகளும் கிடையாது. மைக்ரோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கிய சீமோர் ரூபின்ஸ்டைனுக்காக அதை அசெம்பிளி மொழியில் எழுதிய ராப் பார்னபி, கர்சரை நகர்த்தும் வேலையை இடதுகை விரல்களிடமே ஒப்படைத்தார். கன்ட்ரோலோடு இ தட்டினால் மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடது, டி வலது. கன்ட்ரோல் விசையும் அப்போது ஏ-க்குப் பக்கத்திலேயே இருந்தது. சுண்டுவிரலை நீட்டினால் போதும். பிறகு வந்த ஐபிஎம் விசைப்பலகை அதைக் கீழ்மூலைக்குத் தள்ளிவிட்டு, யாருக்கும் அதிகம் வேண்டாத கேப்ஸ் லாக்கை அங்கே உட்கார வைத்தது.

ஒரு பத்தியை இடம் மாற்ற, தொடக்கத்தில் கன்ட்ரோல் கே, பி. முடிவில் கே, கே. போக வேண்டிய இடத்தில் கே, வி. நடுவில் வேறெங்கோ போய் ஒரு பிழையைத் திருத்திவிட்டு வந்தாலும் குறித்த பத்தி குறித்தபடியே இருக்கும். இன்றைய வேர்டில் ஒரு கிளிக் தவறினால் தேர்வு கலைந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் என் ஓட்டு பழையதற்குத்தான்.

மற்றபடி அந்தக் காலத்தை ரொம்பப் புகழ்வதற்கில்லை. சேமிக்காமல் மின்சாரம் போனால் எழுதியது போனதுதான்; தானாகச் சேமிக்கும் வசதி பின்னாளைய வரம். தடித்த எழுத்து வேண்டுமென்றால் சொல்லின் இருபுறமும் ஒரு குறி தெரியும், அவ்வளவுதான். எழுத்து தடிப்பதைப் பிரிண்டர் தாளில்தான் பார்க்க முடியும்.

ஆனாலும் ஆர்தர் சி. கிளார்க் '2010: ஒடிசி டூ' நாவலைக் கொழும்பில் வேர்ட்ஸ்டாரில் எழுதி, நியூயார்க்குக்கு ஒரே பிளாப்பியில் அனுப்பிவைத்தார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செயற்கைக்கோள் நிலையம் வழியாகப் போயின. இன்று அது ஒரு மின்னஞ்சல் இணைப்பு.

வேர்ட்ஸ்டார் 2000 என்ற பெயரில் மைக்ரோப்ரோ கட்டளைகளையே மாற்றி வெளியிட்டதும், பழகிய விரல்கள் முரண்டு பிடித்தன. அதற்குள் போட்டிச் செயலியான வேர்ட்பெர்ஃபெக்ட் முந்திக்கொண்டது. அதன்பின் விண்டோஸும் வேர்டும் மேலோங்கின.

இருந்தும் நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4-ஐ விடவில்லை. சின்ன எழுத்தைத் தட்டினால் தானே பெரிய எழுத்தாக்கும் உபகாரம் தனக்கு வேண்டாம் என்று 2014இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் காரணம் சொன்னார். கனடிய எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயரோ 2024இல் வேர்ட்ஸ்டார் 7-ஐ இன்றைய கணினியில் ஓடும்படி தொகுத்து இலவசமாகவே கொடுத்துவிட்டார்.